ஐவசோவ்ஸ்கி: பெரிய ஓவியரா, அலை அச்சடித்த தொழிற்சாலையா?

கரிக்கோடு எழுதியது:

எங்கள் வீட்டு பீரோவின் உட்கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. அப்பா ஏதோ பழைய பத்திரிகையிலிருந்து கிழித்து ஒட்டியது, எதிலிருந்து என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. உடைந்த பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு சிலர் தண்ணீரில் தொங்குகிறார்கள், எதிரே வீடு உயரத்துக்கு ஓர் அலை எழுந்து நிற்கிறது, பின்னால் மஞ்சளாக விடிகிறது. எனக்கு அந்தக் கடல் என்றாலே அந்துருண்டை வாசனைதான்.

அது இவான் ஐவசோவ்ஸ்கி 1850-இல் வரைந்த 'ஒன்பதாம் அலை' என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அசல் மூன்று மீட்டருக்கு மேல் அகலம், பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புயலில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அலைகளில் ஒன்பதாவதுதான் ஆளைக் கொல்லும் என்று மாலுமிகள் நம்புவார்களாம், பெயர் அதிலிருந்து வந்தது. வரைந்தபோது அவருக்கு 33 வயதுதான்.

போன வாரம் உட்கார்ந்து ஆள் யார் என்று படித்தேன். 1817-இல் கருங்கடலோரக் கிரிமியாவின் ஃபியோதோசியா என்ற துறைமுக ஊரில் நொடித்துப்போன ஓர் ஆர்மீனிய வியாபாரிக்கு மகன். சுண்ணாம்பு அடித்த சுவர்களில் கரியால் கப்பல் கிறுக்கிய பையனை ஊர் நிர்வாகத் தலைவர் கஸ்னச்செயெவ் பார்த்துப் படிக்க வைத்தார், 1833-இல் பீட்டர்ஸ்பர்க் கலை அகாதமியில் சேர்ந்தான், தங்கப் பதக்கம், இத்தாலி, போப்பே ஒரு படம் வாங்கினார், பாரிஸில் பதக்கம், கடற்படைத் தலைமையகத்தின் ஓவியர் பதவி. இவ்வளவும் 30 வயதுக்குள். அதுவரை சந்தோஷமாகப் படித்தேன். அப்புறம் ஒரு எண் வந்தது: வாழ்நாளில் சுமார் 6000 ஓவியங்கள்!

கணக்குப் போட்டால் நாலு நாளைக்கு ஒன்று வருகிறது. எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. பீரோ கதவில் இருந்தது ஆறாயிரத்தில் ஒன்றா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இது கலையா, உற்பத்தியா?

*

டர்பன்டைன் மாமா எழுதியது:

தம்பி, நான் முப்பது வருடம் பேனர், போர்டு எழுதியவன். ஃபிளெக்ஸ் வந்து தொழில் போன பிறகு வீட்டில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். அதனால் தொழில் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

வேகம் என்பது தப்பே கிடையாது. அவர் வானத்தை ஒரே மூச்சில் முடிப்பார், எத்தனை மணி நேரமானாலும் எழுந்திருக்க மாட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் என்று வரைந்து பார்த்தால்தான் புரியும். எண்ணெய் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் இழுத்துவிட வேண்டும். பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வந்தால் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும், அப்புறம் அது வானமாகத் தெரியாது, ஒட்டுப்போட்ட வேட்டியாகத் தெரியும்.

அலையின் உச்சியில் ஒரு பச்சை வெளிச்சம் இருக்கும், பார்த்திருப்பாய். அங்கே தண்ணீர் மெலிந்து கண்ணாடி மாதிரி ஆகி, பின்னாலிருந்து வெயில் ஊடுருவி வருகிறது. அதைக் கெட்டியான பச்சை அப்பிக் கொண்டுவர முடியாது. அடியில் வெளிறிய நிறத்தைப் போட்டு, காய்ந்ததும் எண்ணெயில் கரைத்த மெல்லிய வண்ணத்தை மேலே படியவிட வேண்டும், ஊறவைத்த கஞ்சித் தண்ணீர் மாதிரி அவ்வளவு மெல்லிசாக. அந்த மனிதர் இதில் பெரிய கை. நான் எட்டு தடவை முயன்றேன், எட்டும் பாசி பிடித்த குளமாகத்தான் வந்தது.

இன்னொன்று. கடலைப் பார்த்து வரையவே முடியாது என்பது அவர் கட்சி. மின்னலையும் அலையின் தெறிப்பையும் எதிரே வைத்துக்கொண்டு வரைய எந்தத் தூரிகைக்கும் வேகம் போதாது, பார்த்து மனதில் வாங்கிவைத்து பிறகு வரைய வேண்டும் என்பார். கடலோரத்திலேயே வீடு கட்டியும் வரையும் அறையின் ஜன்னலைக் கடல் பக்கம் வைக்கவில்லை, முற்றத்துப் பக்கம் வைத்தாராம். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

*

எதிர்க்கட்சி எழுதியது:

மாமா சொல்வது கைத்திறன். கேள்வி கைத்திறனைப் பற்றியது இல்லையே.

நிலா வெளிச்சக் கடல், புயல் கடல், சூரியோதயக் கடல், உடைந்த கப்பல், உடையப்போகிற கப்பல். இதை அறுபது வருடம் மாற்றி மாற்றிப் போட்டால் ஆறாயிரம் வரத்தான் செய்யும். ஜார் நிக்கலாய்க்கு வேண்டியவர், இந்தப் பக்கம் துருக்கியின் ஆட்டமன் சுல்தான் அப்துல்அஸீஸும் முப்பது படம்போல வரையச் சொன்னார், வரைந்தார், இன்றும் இஸ்தான்புல் தோல்மாபாச்சே அரண்மனையில் தொங்குகின்றன. ரஷ்யாவும் துருக்கியும் கடலில் அடித்துக்கொண்ட காலத்தில் இரண்டு பக்கமும் வாடிக்கையாளர் வைத்திருந்தவரை வியாபாரி என்று சொல்லாமல் என்ன சொல்வது?

எழுத்தாளர் செகாவ் 1888-இல் இவரைப் போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. மனிதர் கவிஞர் புஷ்கினோடு பழகியவர், ஆனால் புஷ்கினைப் படித்ததில்லை, எனக்கே சொந்தக் கருத்துகள் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று கேட்பவர் என்று செகாவ் கிண்டலடித்திருக்கிறார். கையை நீட்டுவதுகூட ஜெனரல் தோரணையில்தானாம். அந்த ஒரு கடிதம் போதும் எனக்கு.

*

கரிக்கோடு எழுதியது:

செகாவ் அதே கடிதத்தில் சிக்கலான ஆள், கவனிக்க வேண்டியவர் என்கிற மாதிரியும் எழுதியிருக்கிறார், அதை விட்டுவிட்டீர்களே. அப்புறம் 'ஐவசோவ்ஸ்கியின் தூரிகைக்கு ஏற்றது' என்ற சொல்வழக்கை 'வான்யா மாமா' நாடகத்தில் போட்டதும் அவர்தான். ரஷ்யாவில் அது பழமொழி மாதிரியே ஆகிவிட்டதாம்.

*

நெய்தல் நிலா எழுதியது:

பொதுவாக நான் இங்கே படிக்க மட்டும் வருவேன். ஒரே ஒரு தகவல்: அவர் கண்காட்சியில் கூட்டம் படத்தின் பின்னால் போய் விளக்கு ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்ததாம். அவ்வளவு ஒளி! இதுகூட இல்லாதவரையா இவ்வளவு நாள் கொண்டாடினார்கள்?

*

எதிர்க்கட்சி எழுதியது:

தோழி, அந்தக் கதைக்குப் பேர்போனவர் குயின்ஜி என்ற இன்னொரு ஓவியர். 1880-இல் பீட்டர்ஸ்பர்க்கில் 'நீப்பர் ஆற்றில் நிலவொளி' என்ற ஒரே ஒரு படத்தை வைத்துக் கண்காட்சி நடத்தினார், ஜன்னலையெல்லாம் மூடிப் படத்தின் மேல் மட்டும் விளக்கைத் திருப்பிவிட்டு. ஜனம் வரிசையில் நின்று பார்த்தது. விளக்குச் சந்தேகம் அங்கே கிளம்பியது.

இதில் தமாஷ் என்னவென்றால் அந்த குயின்ஜியே சின்னப் பையனாக இருந்தபோது ஐவசோவ்ஸ்கியிடம் கற்க மரியுபோலிலிருந்து ஃபியோதோசியாவுக்கு வந்தவர். செருப்புத் தைப்பவரின் மகன். அங்கே அவருக்குக் கிடைத்த பாடம் வண்ணம் அரைப்பதும் வேலிக்குப் பெயிண்ட் அடிப்பதும்தான் என்கிறார்கள். வரைய ஏதோ கொஞ்சம் சொல்லிக்கொடுத்தது அங்கே இருந்த இன்னொரு மாணவர், ஃபெஸ்லர். பெரிய குரு!

*

டர்பன்டைன் மாமா எழுதியது:

வண்ணம் அரைப்பது பாடம் இல்லையென்று யார் சொன்னது? என்னையும் முதல் ஒன்றரை வருடம் டப்பா கழுவத்தான் விட்டார்கள்.

*

சிம்ஃபெரோபோல் ரிட்டர்ன் எழுதியது:

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். நான் அங்கே போயிருக்கிறேன்.

கிரிமியாவின் தலைநகர் சிம்ஃபெரோபோலில் மருத்துவம் படித்தேன், ரஷ்யா அதைப் பிடித்த 2014-க்கு முந்தைய காலம். நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருந்தோம். ஃபியோதோசியா ஏறக்குறைய 115 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். ஓவியம் பார்க்கவெல்லாம் நாங்கள் போகவில்லை, கடலில் குளிக்கப் போனோம். அன்றைக்கென்று காற்று, தண்ணீர் ஐஸ், குளிக்க முடியவில்லை. எங்கே போய் ஒதுங்குவது என்று பார்த்ததில் எதிரே ஒரு வீடு, வாசலில் ஒரு சிலை, கையில் வண்ணத்தட்டோடு கடலைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பீடத்தில் 'ஃபியோதோசியா, ஐவசோவ்ஸ்கிக்கு' என்று இரண்டே சொல். கடலுக்கும் ஊருக்கும் நடுவே கரையை ஒட்டியே ரயில் தண்டவாளம் போகிறது, 1892-இல் அந்த ரயில் வரவும் இவர்தான் அலைந்தாராம். ஒரு ஸ்டேஷனுக்கே ஐவசோவ்ஸ்கயா என்று பெயர்.

உள்ளே போனோம். ஈர ஜெர்க்கினோடு போனதால் அறையில் உட்கார்ந்திருந்த பாட்டி முறைத்தார். அங்கே ஒவ்வோர் அறையிலும் ஒரு பாட்டி நாற்காலி போட்டுக் காவல் இருப்பார், அந்த ஊர்ப்பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பெரிய கூடத்தில் 'அலைகளின் நடுவே' இருக்கிறது. 1898-இல் வரைந்தது, அப்போது அவருக்கு 80 தாண்டிவிட்டது, நாலே கால் மீட்டர் அகலம், பத்து நாளில் முடித்தாராம். நான் பக்கத்தில் போய் நின்றேன். பக்கத்தில் போனால் ஒன்றுமே இல்லை, சாம்பல், நீலம், வெள்ளை, அங்கங்கே தேய்த்த மாதிரி. பாட்டி எழுந்து வந்தார், திட்டப்போகிறார் என்று நினைத்தேன், என் முழங்கையைப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் நடத்திக்கொண்டு போய் நிறுத்திவிட்டு 'இப்போது பார்' என்றார்.

தண்ணீர் எழுந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அதில் கப்பல் கிடையாது, மனிதன் கிடையாது, கரை கிடையாது. முதலில் நடுவில் ஒரு படகு வரைந்திருந்தாராம், அப்புறம் அதன் மேலேயே தண்ணீரைப் பூசிவிட்டாராம். கூட வந்தவன் ஒருத்தன், இவ்வளவு தண்ணியை வரைந்தவர் நீச்சல் தெரிந்தவரா என்று என்னிடம் கேட்டான். இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

*

கரிக்கோடு எழுதியது:

அண்ணே, இதைப் படித்துவிட்டு வேறு ஒன்று தோன்றுகிறது. அந்தக் காலரி எப்படி வந்தது? ஊர் அவருக்குக் கட்டியதா?

*

சிம்ஃபெரோபோல் ரிட்டர்ன் எழுதியது:

இல்லை, அவரே தன் சொந்த வீட்டோடு சேர்த்துக் கட்டியது. 1880-இல் அவர் பிறந்தநாளன்று திறந்தார், 63 வயது முடிந்த நாள். சாகும்போது கட்டடம், உள்ளே இருந்த படங்கள், சிலைகள் எல்லாவற்றையும் ஃபியோதோசியா நகரத்துக்கே உயில் எழுதிவைத்துவிட்டார். அப்போது ஐம்பதுக்கு ஒன்று குறைவாக அவருடைய படங்கள் இருந்தன. இப்போது அவருடையது மட்டும் 417. ஜெர்மானியர்கள் 1941-இல் வருவதற்கு முன் படங்களைக் கப்பலேற்றிக் கடைசியில் ஆர்மீனியாவின் யெரெவான் வரை கொண்டுபோய் வைத்திருந்து 1944-இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பார்ஸமொவ் என்ற காலரி இயக்குநர் இல்லாவிட்டால் பாட்டி எனக்குக் காட்ட ஒன்றும் இருந்திருக்காது.

*

எதிர்க்கட்சி எழுதியது:

சரி, காலரிக்கு வருவோம். தன் வீட்டோடு ஒட்டித் தன் படங்களை மாட்டித் தன் பிறந்தநாளில் திறப்பது. இதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது, சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஒப்பிட ஒருவரைச் சொல்கிறேன், அவரும் கடல் ஓவியர்தான், அவரும் கடற்படைக்கு வரைந்தவர்தான்: அலெக்ஸெய் பொகல்யூபவ். பாதி வாழ்க்கை பாரிஸில். அவர் ஆயுசு முழுக்கச் சேர்த்த பிறர் ஓவியங்களையும் கலைப்பொருள்களையும் வோல்கா கரையில் சரத்தோவ் நகரத்துக்குக் கொடுத்து 1885-இல் ஓர் அருங்காட்சியகம் திறக்க வைத்தார். ஓவியம் சேர்த்த வியாபாரி திரெத்யாகோவ் தன் சேகரிப்பை மாஸ்கோவுக்குக் கொடுத்தது 1892-இல்தான், இவர் ஏழு வருடம் முந்திவிட்டார். அதற்கு வைத்த பெயர் பொகல்யூபவ் அல்ல, தன் தாய்வழித் தாத்தா ரதீஷெவின் பெயர். பண்ணையடிமை முறையைக் கண்டித்துப் புத்தகம் எழுதியதற்காக மகாராணி கேத்தரின் சைபீரியாவுக்கு அனுப்பினாரே, அதே ரதீஷெவ். ஜார் ஆட்சியிலேயே அந்தப் பெயரை ஒரு பொதுக் கட்டடத்தின் நெற்றியில் ஏற்றினார். துணிச்சல் என்றால் அது. அலையை மாட்டுவதில் என்ன துணிச்சல்?

*

நெய்தல் நிலா எழுதியது:

பொகல்யூபவ் பற்றித் தெரியாது, நன்றி, நல்ல கதை. ஆனால் ஐவசோவ்ஸ்கி ஊருக்குக் கொடுத்தது காலரி மட்டும் இல்லையே.

ஃபியோதோசியாவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. கடலோர ஊர், வறண்ட மலை, கோடையில் நாக்கு வறளும். அவருக்கு சுபாஷ் என்ற இடத்தில் பண்ணையும் ஊற்றும் இருந்தன. அதிலிருந்து தினம் 50,000 வாளி தண்ணீரை நகரத்துக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுத்தார். ரஷ்ய அளவில் ஒரு வாளி 12 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அப்படியென்றால் தினம் ஆறு லட்சம் லிட்டர். 1888-இல் குழாய் வழியே தண்ணீர் வந்தது, ஊர் நடுவே கீழைநாட்டுப் பாணியில் தாழ்வாரக் கூரை வைத்த ஒரு நீரூற்று கட்டினார்கள், ஜனங்களுக்கு இலவசம். அங்கே ஒரு வெள்ளிக் குவளை வைத்திருந்தார்களாம், அதில் இவான் கன்ஸ்தந்தீனவிச்சும் (ஐவசோவ்ஸ்கிதான்) குடும்பமும் நலமாக இருக்கக் குடியுங்கள் என்று பொறித்து. ஜார் பெயரைத்தான் வைப்பதாக இருந்தது, ஜாரே வேண்டாம், அவர் பெயரை வையுங்கள் என்று சொல்லிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

வாழ்நாள் முழுக்க உப்புத் தண்ணீர் வரைந்து விற்ற காசு நல்ல தண்ணீராக ஊருக்கு வந்திருக்கிறது. இதை வியாபாரம் என்று சொன்னால் இப்படிப்பட்ட வியாபாரிகள் நாலு பேர் இருந்துவிட்டுப் போகட்டும்.

*

எதிர்க்கட்சி எழுதியது:

தண்ணீர் விஷயத்தில் சரணடைகிறேன். ஓவிய விஷயத்தில் இல்லை.

*

யெரெவான் எக்ஸ்பிரஸ் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மேலே யாருமே கேட்கவில்லை, அதனால் நான் கேட்கிறேன்: இவரை 'ரஷ்ய ஓவியர்' என்று சொல்வது சரியா? பிறந்த பெயர் ஹோவானெஸ் ஐவஸ்யான். அண்ணன் காப்ரியேல் வெனிஸ் பக்கத்தில் சான் லாசரோ தீவில் ஆர்மீனியத் துறவி. ஞானஸ்நானம், அடக்கம் இரண்டும் ஃபியோதோசியாவின் ஆர்மீனிய சர்ப் சர்கிஸ் தேவாலயத்தில். கல்லறையில் பழைய ஆர்மீனிய மொழியில், மனிதனாகப் பிறந்தவன் அழியாத நினைவை விட்டுச்சென்றான் என்ற பொருளில் ஒரு வாசகம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 2023-இல் இவர் பெயர்ப்பலகையில் 'ரஷ்யர்' என்பதை எடுத்துவிட்டு 'உக்ரேனியர்' என்று போட்டு, எதிர்ப்பு வந்ததும் 'ஆர்மீனியர், ரஷ்யப் பேரரசில் பிறந்தவர், இப்போது உக்ரைன்' என்கிற மாதிரி மாற்றினார்கள்.

அப்புறம் எதிர்க்கட்சி சார் சொன்ன அந்த சுல்தான் விஷயம். 1895, 96-இல் பிறகு வந்த சுல்தான் அப்துல்ஹமீது ஆட்சியில் ஆர்மீனியர்களைக் கொன்று குவித்தபோது, இவர் அதுவரை துருக்கியிலிருந்து கிடைத்த விருதுப் பதக்கங்களைக் கடலில் எறிந்துவிட்டார் என்பார்கள். அந்தப் படுகொலையை வரையவும் செய்தார். இரண்டு பக்கமும் வாடிக்கையாளர் வைத்திருந்த ஆள் கடைசியில் ஒரு பக்கக் கணக்கை முடித்துவிட்டார். அப்போது வயது 78, 79. அந்த வயதில் பேசாமல் இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

*

டர்பன்டைன் மாமா எழுதியது:

ரஷ்யன், ஆர்மீனியன் என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் ஃபியோதோசியாக்காரர். உயிலில் அவரே அந்த ஊரைத்தானே எழுதினார்?

இப்போது ஒன்று சொல்கிறேன், கரிக்கோடு தம்பி கேட்ட முதல் கேள்விக்கு. ஆறாயிரம் வரைந்தவர் தன் சுவரில் மாட்டியது ஐம்பதுகூட இல்லை. நான் ஆயிரக்கணக்கில் போர்டு எழுதியிருக்கிறேன். ஜவுளிக்கடை, நகைக்கடை, கட்சி, காதுகுத்து. வீட்டில் மாட்டியிருப்பது மூன்று. வயிற்றுக்கு எழுதியது எது, எனக்கு எழுதியது எது என்று எனக்குத் தெரியும். 'அலைகளின் நடுவே' மாதிரி நாலு மீட்டர் படத்தை யார் வீட்டில் மாட்டுவார்கள்? கப்பலும் இல்லை, நிலாவும் இல்லை. அது விற்க வரைந்தது மாதிரி இல்லை, 80 வயதில் தனக்காக வரைந்து தன் ஊரில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த மனிதரை எடைபோட வேண்டும் என்றால் ஏலத்தில் போகும் படத்தை வைத்து எடைபோடாதே, அவர் கொடுக்காமல் வைத்துக்கொண்டதை வைத்துப் பார்.

*

எதிர்க்கட்சி எழுதியது:

மாமா, இது கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. ஆனால் ஏலத்தை விட்டுவிட முடியாது, 2012-இல் லண்டன் ஏலத்தில் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) காட்சி ஒன்று 32 லட்சம் பவுண்டுக்குப் போனது. அதில் மசூதி, படகு, வேண்டியதெல்லாம் இருக்கும். நீங்கள் சொன்ன கணக்குப்படி அது காதுகுத்து போர்டு.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். 1881-இல் வரைந்த 'கருங்கடல்' எனக்கும் பிடிக்கும், திரெத்யாகோவ் காலரியில் இருக்கிறது. இவர் பாணிக்கு நேர் எதிர்ப் பாசறையில் இருந்த ஓவியர் கிராம்ஸ்கோயே அதைப் பாராட்டியிருக்கிறார். புயல்கூட இல்லை, புயலுக்குக் கொஞ்சம் முன்னால். அதில் கப்பல் இல்லாததால்தான் எனக்குப் பிடிக்கிறது.

*

சிம்ஃபெரோபோல் ரிட்டர்ன் எழுதியது:

இல்லையே, கப்பல் இருக்கிறது.

*

எதிர்க்கட்சி எழுதியது:

எங்கே?

*

சிம்ஃபெரோபோல் ரிட்டர்ன் எழுதியது:

அடிவானத்தில். ஃபோனில் பார்த்தால் தெரியாது, பெரிய திரையில் இழுத்துப் பாருங்கள்.

*

கரிக்கோடு எழுதியது:

நான் பார்த்துவிட்டேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கண்ணே வலித்துவிட்டது, முதலில் திரையில் ஏதோ தூசி என்று துணியால் துடைத்தேன். ஒரு சின்னப் பாய்மரம், ஆவி மாதிரி, வானமும் தண்ணீரும் ஒட்டுகிற இடத்தில். புயல் வருவது அதில் இருப்பவனுக்குத் தெரியுமா என்றுகூடத் தெரியவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இது நம்ம பீரோ படம் இல்லையே என்றார்.

*

எதிர்க்கட்சி எழுதியது:

எனக்கு இன்னும் தெரியவில்லை. யாராவது நல்ல தெளிவான பிரதி இருந்தால் இங்கே ஏற்றுங்கள்.